ஒரே தமிழ்தானே, வன்னி என்ன வெளிநாடா?

11 ஜனவரி 2025 (வாசகர் கேள்வி)

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்திலிருந்து இலங்கையின் வன்னிக்கு ஊழியத்துக்குப் போன குடும்பம் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு வருடம் ஆகிவிட்டதாம். ஒன்று கேட்கிறேன், கோபம் வேண்டாம். அங்கேயும் தமிழ், இங்கேயும் தமிழ். அங்கேயும் பனை, சோறு, மீன்குழம்பு. இதை ‘வெளிநாட்டு மிஷனரி வாழ்க்கை’ என்று சொல்வது கொஞ்சம் அதிகமில்லையா? பீகாருக்குப் போகிற நம் ஆட்கள் இதைவிடக் கஷ்டப்படுகிறார்கள்.

12 ஜனவரி

தூரத்தை வைத்துப் பார்த்தால் நியாயம் உங்கள் பக்கம்தான். எங்கள் ஊரிலிருந்து சென்னைக்கு ராத்திரி முழுக்க ரயில். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. சின்னவன் கையிலிருந்த பிஸ்கட்டைத் தின்று முடிப்பதற்குள் கீழே பனைமரம் தெரிந்தது. “அம்மா, திரும்பி நம்ம ஊருக்கே வந்துட்டோமா?” என்றான்.

ஆனால் பீகாருக்குப் போயிருந்தால் இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது முதல் நாளே ஊருக்குத் தெரிந்திருக்கும். தண்ணீருக்கு என்ன சொல், உப்புக்கு என்ன சொல் என்று யாராவது சொல்லித் தந்திருப்பார்கள். இங்கே யாரும் சொல்லித் தரவில்லை. எங்களுக்குத் தெரியும் என்று அவர்கள் நினைத்தார்கள். நாங்களும் அப்படியே நினைத்தோம். வினை அங்கேதான்.

12 ஜனவரி, இரவு

உதாரணம் கேட்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். வந்த இரண்டாம் வாரம். நாங்கள் இருப்பது பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகிற வீதியில் ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாம். நாலு வளவு தள்ளி ஓர் அம்மாவின் கணவர் தவறி அந்தியேட்டி (நம் ஊர்க் கருமாதி மாதிரி) முடிந்திருந்தது. என் கணவர் படலையில், அதாவது வேலிக் கதவடியில் நின்று, “ஒருநாள் வந்து பார்க்கட்டுமா அம்மா?” என்று கேட்டார். “ஓம், ஆறுதலா வாங்கோ” என்றார் அவர்.

இவர் உருகிவிட்டார். ஆறுதலைத் தேடுகிற ஆத்துமா! வீட்டுக்கு வந்து வேதாகமத்தைப் புரட்டி, ஆறுதல் வசனங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு மறுநாள் காலை ஏழு மணிக்கே போய் நின்றார். அந்த அம்மா தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். “ஐயோ, நான் ஆறுதலா வரச்சொல்லியெல்லோ சொன்னனான்!”

ஆறுதலாக என்றால் இங்கே மெதுவாக. அவசரமில்லை, நேரம் கிடைக்கும்போது வா. எங்கள் ஊர் ‘பைய வாங்க’ இருக்கிறதே, அது.

15 ஜனவரி

நேற்றுப் பொங்கலுக்கு நாலு வீட்டிலிருந்து வந்தது. சாப்பிட்டுக் கிறங்கிப் படுத்தேன், அதனால் இன்று சாப்பாட்டுக் கதை.

போதும் என்பதற்கு இங்கே ‘காணும்’. முதல் மாதம் ஒரு விருந்தில் பக்கத்திலிருந்தவர் இலையைக் கையால் மறைத்து “காணும், காணும்” என்றார். எதையோ காணோம் என்கிறார் என்று நானும் பாய்க்கடியில் தேடினேன். தூள் கதையும் அப்படித்தான். கடையில் மிளகாய்த்தூள் என்று கேட்டு வாங்கி சாம்பாரில் மூன்று கரண்டி போட்டேன். இங்கே மிளகாய்த்தூள் என்றால் மல்லி, சீரகம், பெருஞ்சீரகம் எல்லாம் சேர்த்து வறுத்து அரைத்த கறித்தூள். வெறும் மிளகாய் வேண்டுமென்றால் ‘தனி மிளகாய்த்தூள்’ என்று கேட்க வேண்டுமாம். சாம்பார் கோழிக்குழம்பு வாசத்தில் வந்தது. பிள்ளைகள் கோழியைத் தேடினார்கள். கருப்பட்டி என்று கேட்டால் விழித்த அதே கடைக்காரர், பனங்கட்டி என்றதும் ஓலைக்குட்டானை எடுத்து நீட்டினார். ஒரு கடி கடித்துக்கொண்டு ஒரு வாய் வெறுந்தேத்தண்ணி. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் வந்த நாளிலிருந்தே உள்ளூர்க்காரி.

சாப்பாட்டில் பிசகினால் சிரித்துவிடுவார்கள். சிரிக்க முடியாத பிசகு ஒன்றும் செய்தேன். எங்கள் வளவில் கிணறு இல்லை, பக்கத்து அக்காவின் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளுவோம். மார்ச் மாதம் ஒருநாள் பேச்சுவாக்கில், “உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க அக்கா?” என்று கேட்டேன்.

“நாலு.”

“எல்லாரும் எங்க இருக்காங்க?”

“ரெண்டு இருக்கு.”

கனடா, சுவிஸ் என்று வீட்டுக்கொருவர் போயிருக்கிற இடம். அந்த நினைப்பில், “மத்த ரெண்டு பேரும் வெளிநாடா?” என்று கேட்டுவிட்டேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. வாளியை இறக்கினார். என் குடத்தை நிறைத்தார், தன் குடத்தை நிறைத்தார், பிறகு வாழைக்கு ஊற்றினார். ஊற்றிய வாழைக்கே இன்னொரு வாளி ஊற்றினார்.

2009இல் சனம் முழுவதும் நடந்து போன வீதி இது. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, கடைசியில் முள்ளிவாய்க்கால். அது எனக்குச் செய்தியாகத் தெரியும். கிணற்றடியில் நிற்கும்போது நினைவுக்கு வரவில்லை. அன்றோடு முடிவெடுத்தேன், இங்கே யாரையும் பிள்ளைகளை எண்ணச் சொல்லக் கூடாது. ஜூன் மாத ஜெபக் கடிதத்தில் ‘நாங்கள் கற்ற முதல் பாடம்’ என்று இதைத்தான் ஊருக்கு எழுதினேன்.

16 ஜனவரி

12ஆம் தேதி எழுதியதை இவர் படித்துவிட்டார். ஏழு மணி இல்லையாம், எட்டரையாம். தாள் எழுதியது உண்மையாம். பைபிளுக்குள் இன்னும் இருக்கிறது, சங்கீதத்துக்கும் நீதிமொழிகளுக்கும் நடுவில்.

19 ஜனவரி

வீடு வீடாகப் போவீர்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முதல் மூன்று மாதம் போனோம். இவர் வெள்ளைச் சட்டை, கறுப்புத் தோள்பை, ஹெல்மெட், இரவல் மோட்டார் சைக்கிள். ஏதோ ஒன்று சரியில்லை என்று மட்டும் தெரிந்தது. சத்தம் கேட்டதுமே சில வீட்டில் கதவு சாத்தும். வேறு மதத்துக்காரர் என்று ஒதுங்குகிறார்கள் போலும் என நினைத்து அதற்கும் ஜெபித்தோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு பெண் படலைக்கே ஓடிவந்து இவர் கையில் ஓர் அட்டையையும் மடித்த நோட்டுகளையும் வைத்தார். “இந்தக் கிழமை முந்நூறு குறையுது. அடுத்த கிழமை சேத்துத் தாறன், கோவிக்காதேங்கோ.”

இவரை நுண்கடன் வசூலுக்கு வந்த புது ஆள் என்று நினைத்துவிட்டார். வாரா வாரம் தவணை கேட்டு வருகிறவர்களும் இதே வெள்ளைச் சட்டை, இதே பை, இதே மோட்டார் சைக்கிள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று போர் நடந்த ஊர்ப் பெண்கள் பலர் அதில் மாட்டியிருக்கிறார்கள். 2018இல் அரசாங்கமே வறட்சி மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய் வரையான பெண்களின் கடனை நீக்க ஒரு திட்டம் கொண்டுவந்தது என்றால் பாருங்கள்.

இவர் பணத்தைக் கையில் பிடித்தபடி நின்றாராம். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் நோட்டுகளைத் திரும்ப வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, “காசு கேக்கேல்லையெண்டால் இருங்கோ, தேத்தண்ணி போடுறன்” என்றாராம். எண்ணிப் பார்த்ததைத்தான் இவர் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்.

பையும் மோட்டார் சைக்கிளும் அன்றோடு போயின. இப்போது பழைய லுமாலா சைக்கிள், வீட்டில் சாரம் (லுங்கி).

20 ஜனவரி

இங்கே ‘நீர்’ என்று கூப்பிடுகிறார்களே, இவருக்குச் சங்கடமாக இல்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. சென்னைப் போதகர்களுக்கு வேண்டுமானால் ஆண்டவரைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். நெல்லைக்காரருக்கு அது ‘வே’ போடாத ‘நீரு’.

25 ஜனவரி

பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. பள்ளிக்கூட அனுமதிக்குக் கொஞ்சம் அலைந்தோம், அது எல்லா நாட்டிலும் இருக்கிற அலைச்சல். சேர்ந்த பிறகுதான் வேடிக்கை. இங்கே சமயம் கட்டாயப் பாடம். சைவப் பிள்ளைக்கு சைவநெறி, கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கம், எங்களுக்குக் கிறிஸ்தவம். மூத்தவள் படிப்பது தரம் 4. பாடசாலை சின்னது, கிறிஸ்தவம் படிப்பிக்க ஆசிரியர் இல்லை. அந்த நேரத்தில் மரத்தடியில் தனியாக இருக்கலாம் என்றார்கள். அவள் தனியாக இருக்கிற ஜாதி இல்லை. போய் சைவநெறி வகுப்பில் உட்கார்ந்துவிட்டாள். தவணைப் பரீட்சையில் 84.

அம்மாவிடம் போனில் உளறிவிட்டேன். “என்னட்டி, மிஷனரி மவ தேவாரம் பாடுதாளா? ஒங்க மாமா கேட்டா என்ன சொல்லுவாவ?” மாமாவுக்கு இன்னும் தெரியாது. இதைப் படிக்கிறவர்கள் யாராவது நாசரேத்துக்காரர்களாக இருந்தால், தயவுசெய்து.

ஒருநாள் வந்து கேட்டாள், “அப்பா, நாவலர் நம்ம ஆட்களைத் திட்டுவாராமே?” யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலரைப் பற்றி அன்றைக்குப் பாடம். திட்டினார்தான், அதுவும் அச்சுப்போட்டுத் திட்டினார் என்றார் இவர். அதற்கு முன்னால் பேர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து வேதாகம மொழிபெயர்ப்புக்கும் உதவினார், அது 1850இல் வெளிவந்தது என்றும் சொன்னார். அவள் கொஞ்சம் யோசித்தாள். “அப்போ படிச்சிட்டுத்தான் திட்டியிருக்காரு.”

இதற்கு இவரிடம் பதில் இல்லை. எனக்கு நாவலர்மீது மரியாதை வந்தது.

27 ஜனவரி

‘ஈழத்துக்குப் போன முன்னோடித் தமிழ் மிஷனரிகள்’ என்று யாரோ எங்களைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள். இறக்கிவிடுங்கள். அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816. அதுகூட இருக்கட்டும். பின்னாளில் பிஷப்பான நம் அசரியா 1902இல் யாழ்ப்பாணம் போனபோது பார்த்தது என்ன தெரியுமா? யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு இந்தியாவுக்கு, தொண்டிப் பக்கம், மிஷனரிகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களால் முடிகிறது, நம்மால் ஏன் முடியாது என்ற உறுத்தலோடு திரும்பியவர்தான். அடுத்த வருடம், 1903இல், நம் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஆக, கடன் பட்டவர்கள் நாம். நூற்றிருபது வருடம் கழித்து வந்து நிற்கிறோம்.

தென்னிந்தியத் திருச்சபைக்கு யாழ்ப்பாணத்தில் 1947 முதலே ஒரு மறைமாவட்டம் உண்டு. அதை இங்கே ‘ஆதீனம்’ என்பார்கள். “ஆதீனத்திலிருந்து கடிதம் வந்திருக்கு” என்று இவர் போனில் சொல்ல, எந்த மடத்துச் சாமியார் எதற்கு உங்களுக்குக் கடிதம் போடுகிறார் என்று மாமியார் பதறிவிட்டார்.

3 பிப்ரவரி

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நான் வாய் திறந்ததும் இங்கே சிலர் கேட்கிற கேள்வி: “நீங்கள் தோட்டப் பக்கமோ?” முதலில் வீட்டுத் தோட்டத்தைக் கேட்கிறார்கள் என்று நினைத்து, ஆமாம், நாலு கத்தரி வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர்கள் கேட்டது தேயிலைத் தோட்டத்தை. வன்னியில் மலையகத் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1958, 1977 கலவரங்களில் அடிபட்டு இந்தப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களும் அவர்கள் பிள்ளைகளும். அவர்கள் பேச்சு எங்கள் பேச்சுக்குக் கிட்ட வரும். அந்தக் கேள்விக்கு ‘இல்லை, நான் இந்தியா’ என்று சொன்னதும் எதிரில் இருப்பவரின் குரல் ஒரு படி மாறும். மரியாதை கூடும். அந்த மாற்றத்தை நான் ஒன்பது மாதம் அனுபவித்துக்கொண்டேன், வெட்கமாக இருக்கிறது.

அக்டோபரில் ஒரு பாட்டி. நான் சந்தையில் வாழைப்பூ விலை கேட்டதைக் கேட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார். “எந்த ஊரு தாயி?” தாயி! பத்து மாதத்துக்குப் பிறகு காதில் விழுந்த சொல். அவருடைய தாத்தா முசிறிப் பக்கமாம். அந்த ஊரைப் பாட்டி பார்த்ததே இல்லை. 1964இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டு, இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று பிரித்தார்களே, அதில் அவருடைய அண்ணன் குடும்பம் இந்தியாவின் கணக்கில் போனது, பாட்டி இலங்கையின் கணக்கில் நின்றார். 5,25,000 அங்கே, 3,00,000 இங்கே. “அங்க எங்க ஆளுகள சிலோன்காரன்னு கூப்புடுறானாம். இங்க எங்கள இந்தியாக்காரன்கிறான். நீ எதுக்கு தாயி வந்த?”

நான் ஊழியத்துக்கு என்றேன். “யாருக்கு?” என்றார். பெரிய தத்துவமாகக் கேட்கவில்லை, எந்த வீட்டுக்கு வந்திருக்கிறாய் என்கிற மாதிரிதான் கேட்டார். இருந்தாலும் பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதுவே ஓடியது.

5 பிப்ரவரி

வெள்ளம் பற்றி. நவம்பர் கடைசியில் வந்தது. அதே தாழமுக்கம்தான் (காற்றழுத்தத் தாழ்வு) வடக்கே நகர்ந்து ஃபெஞ்சல் புயலாகிப் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது, ஆகவே உங்களுக்கும் நினைவிருக்கும். ராத்திரி ஒலிபெருக்கியில், இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கப் போகிறார்கள், தாழ்ந்த இடத்துச் சனம் வெளிக்கிடுங்கோ என்றார்கள். குளம் நிறைந்து வழிவதை இங்கே ‘வான் பாயுது’ என்பார்கள். இவருக்கு அது தெரியாது. ‘வானத்தின் மதகுகளும் திறவுண்டன’ என்று நோவா கதையில் வருமே, அரைத் தூக்கத்தில் அதைத்தான் நினைத்தாராம்.

மூன்று நாள் பாடசாலை மண்டபத்தில் இருந்தோம். சேவை செய்ய வந்தவர்களுக்குச் சோற்றுப் பார்சல் கொடுத்தது சைவக் கோயில் இளைஞர்கள். பருப்பும் கத்தரிக்காய்ப் பிரட்டலும். இரண்டாம் நாள் சின்னவன், “காணும் அண்ணை” என்று கையை மறைத்தான்.

10 பிப்ரவரி

நேற்று ஆராதனை நடுவில் கரண்ட் போனது. எங்கள் ஊரில் மட்டுமில்லை, நாடு முழுக்க. காரணம் குரங்காம். பாணந்துறையில் துணைமின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்துவிட்டதென்று அமைச்சரே சொன்னார். வன்னியில் இதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்படவில்லை. எங்கள் கூரை ஓடு பதினாறு போனது அவர்கள் புண்ணியத்தில்தான். நேற்றுப் பிரசங்கத்தில் மைக் இல்லாததால் இவர் குரலை இறக்கிப் பேசினார், கடைசி வரிசை முன்னால் வந்து உட்கார்ந்தது. மொத்தமே பதினான்கு பேர். இத்தனை நாள் பதினான்கு பேருக்கு எதற்கு மைக் வைத்தோம் என்று சாப்பிடும்போது கேட்டேன். முறைத்தார்.

14 பிப்ரவரி

‘போரில் நொந்த சனத்தின் பசியை வைத்து மதம் மாற்ற வந்திருக்கிறீர்கள்’ என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். இதை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தக் கோபத்துக்கு இங்கே காரணம் உண்டு. ஊரில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார், பழுத்த சைவர். இவரோடு மாலையில் சதுரங்கம் ஆடுவார். அவர் ஒருநாள் காய் நகர்த்திக்கொண்டே சொன்னது: “உங்கட ஆக்கள் வரேக்க ஒரு கையில பைபிள், மற்றக் கையில கூரைத்தகரம். எந்தக் கையைப் பிடிக்கிறதெண்டு சனத்துக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியேல்லை.”

அதற்குப் பிறகு நாங்கள் ஒன்று வைத்துக்கொண்டோம். உதவி ஏதும் வந்தால் ஊர்ச் சங்கத்தின் கையில் கொடுத்துவிடுவது, கூட்டம் நடக்கிற இடத்தில் ஒரு கிலோ அரிசியும் கொடுப்பதில்லை. கூட்டம் குறைந்தது. அந்தப் பதினான்கு அப்படி வந்த பதினான்கு. எங்களை அனுப்பிய நாசரேத் பக்கத்துச் சபையிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்பார்கள், எத்தனை ஆத்துமா? இந்த வருடம் ஞானஸ்நானம் பூஜ்யம். எழுதி அனுப்பினேன். காணிக்கையும் அதற்கேற்ப இறங்கியிருக்கிறது, அது வேறு கதை.

நாங்கள் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. முதல் தடவை கொழும்புக்கு பஸ்ஸில் போனபோது முறிகண்டியில் நிறுத்தினார்கள். பிள்ளையாரைக் கும்பிடாமல், கச்சான் (வேர்க்கடலை) வாங்காமல் ஏ9 நெடுஞ்சாலையில் எந்த வண்டியும் தாண்டாது. டிரைவர் முதற்கொண்டு எல்லோரும் இறங்கினார்கள். இவர் மட்டும் சீட்டில் உட்கார்ந்தே இருந்தார், கொள்கையாக. சின்னவன் கச்சானுக்கு அழுதான், இறங்கவிடவில்லை. பக்கத்து சீட்டு ஐயா திரும்பி வந்து, ஒன்றும் சொல்லாமல் பொட்டலத்தைப் பிரித்து அவன் மடியில் பாதியைக் கொட்டினார். சூடாக இருந்தது. இவர் அன்றைக்கு வவுனியா வரைக்கும் பேசவில்லை.

21 பிப்ரவரி

ஜனவரி 15இல் எழுதியதைத் திருத்த வேண்டும்.

2017 பிப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் உட்கார்ந்து போராட்டம் தொடங்கினார்கள். நேற்றோடு எட்டு வருடம். கிணற்றடி அக்கா காலையிலேயே போனார். நான் அவருடைய ஆட்டுக்குக் குழை போட்டேன், அவ்வளவுதான் என் பங்கு. சாயந்தரம் வந்தார். ஷாப்பிங் பைக்குள் சட்டம் போட்ட படம், கண்ணாடியில் கீறல் விழாமலிருக்கத் துவாய் சுற்றி. அதைத் திண்ணையில் வைத்துவிட்டு நேராகக் கிணற்றடிக்கு வந்து முகம் கழுவினார்.

“பிள்ளை, நீ மார்ச் மாசம் ஒருக்காக் கேட்டாய். பிறகு ஏன் கேக்கேல்லை?”

உங்களுக்குக் கஷ்டமாக இருக்குமே என்று விட்டுவிட்டேன் அக்கா என்றேன்.

“ஆரும் இப்ப கேக்கிறேல்லை. எல்லாருக்கும் தெரியும், அதால கேக்கிறேல்லை. கேட்டால்தானே நான் நாலு எண்டு சொல்லலாம்.”

மகள் செல் (பீரங்கிக் குண்டு) விழுந்து போனது தேவிபுரத்தில். அதை அவர் கண்ணால் கண்டார். மகன் 2009 மே மாதம் 18ஆம் தேதி வட்டுவாகல் பாலம் தாண்டியதுவரை கூட வந்தான், பிறகு காணேல்லை. அவனைச் சொல்லும்போது மட்டும் ‘இருக்கிறான்’ என்றுதான் சொல்கிறார். அவனுக்கு இப்போது 37 வயது என்றார். வயதைக் கூட்டிக்கொண்டே வருகிறார்.

நான் எழுதிய ஜெபக் கடிதத்தை நினைத்தேன். ‘நாங்கள் கற்ற முதல் பாடம்’. அதைப் படித்துவிட்டுச் சபையில் பலர் அழுதார்கள் என்று சொன்னார்கள்.

22 பிப்ரவரி

அதற்காக இனி எல்லோரையும் கேட்கலாம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நேற்று ராத்திரி எழுதிய வேகத்தில், தபால் கந்தோருக்குப் பக்கத்துத் தையல்கார அம்மாவிடம் இன்று கேட்டுவிட்டேன். “உதெல்லாம் ஏன் உங்களுக்கு?” என்று அளவு நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டார். என் பிளவுஸ் அவரிடம் இருக்கிறது. எப்போது வாங்கப் போவது என்று தெரியவில்லை.

26 பிப்ரவரி

பாலைப்பழம் எப்போது என்று கேட்டவருக்கு: கோடையில் வரும், இப்போது இல்லை. மஞ்சளாக, சுண்டுவிரல் நுனி அளவு. பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு பேசவே விடாது. போன வருடம் அக்காவின் மூத்த மகன் காட்டிலிருந்து ஒரு பை கொண்டுவந்தான். வீட்டில் நாலு பேரும் வாய் ஒட்டி அரை மணி நேரம் பேசாமல் இருந்தோம். வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அவ்வளவு அமைதி இருந்ததில்லை.

2 மார்ச்

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, ‘சரி, வெளிநாடு என்றே வைத்துக்கொள்வோம்’ என்று எழுதியிருக்கிறார். அவசரப்படாதீர்கள், எனக்கே இன்னும் முடிவாகவில்லை. அம்மாவிடம் போனில் பேசும்போது ‘கதைக்கிறேன்’ என்று வந்துவிடுகிறது. அவள் நான் கதை விடுகிறேன் என்று நினைக்கிறாள்.

இன்றைக்கு அதிகம் எழுத நேரமில்லை. வதிவிட வீசா முடியப் போகிறது, புதுப்பிக்கக் கொழும்புப் பக்கத்துப் பத்தரமுல்லைக்குப் போகிறோம். போன தடவை ஒரு கடிதம் குறைகிறது என்று திருப்பி அனுப்பினார்கள், இந்தத் தடவை எல்லாவற்றிலும் மூன்று பிரதி. அக்கா பஸ்ஸுக்கென்று புட்டு அவித்து வாழையிலையில் கட்டித் தந்திருக்கிறார், கூட இரண்டு குட்டான் பனங்கட்டி. தையல்கார அம்மா பிளவுஸைச் சின்னவனிடம் கொடுத்தனுப்பிவிட்டார். கை கொஞ்சம் இறுக்கம், சொல்லப் போவதில்லை.

பஸ் எட்டரைக்கு. முறிகண்டியில் நிற்குமா என்று சின்னவன் நாலாவது தடவையாகக் கேட்கிறான். நிற்கும். இந்த முறை தானும் இறங்குவதாக அவன் அப்பா சொல்லியிருக்கிறார், கச்சான் வாங்க.